ஸ்டோர் பக்கம் தயாரிக்கப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கைத்தொலைபேசி விளையாட்டைத் தனியாளாக எழுதுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுதி முடித்து ஸ்டோரில், அதாவது கூகலின் ப்ளே ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும், ஏற்றப் போகும்போது ஐகான் கொடு, ஸ்கிரீன்ஷாட் கொடு, விவரணை கொடு என்று கேட்பார்களே, அந்த இடத்தில் பணம் எப்படிக் கரையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கரைந்தது ஏறக்குறைய 2,800 சிங்கப்பூர் வெள்ளி. தீபாவளிக்கு முன்னால் வெளியிடுவதாக இருந்த விளையாட்டு, சீனப் புத்தாண்டு ஆரஞ்சுப் பழமெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒழுங்கான முகத்தோடு வெளியே வந்தது. பகலில் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை, இரவில் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த வேலை. போன காசை வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பல வாரம் வாயே திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். விளையாட்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை, சொன்னால் இது விளம்பரமாகிவிடும்.

விளையாட்டு இதுதான். நீங்கள் ஒரு சரபத் கடைக்காரர், அதாவது தேநீர்க் கடைக்காரர். ஆட்கள் வரிசையாக வந்து தே ஓ கோசோங், தே சி பெங், தே ஹாலியா என்று விதவிதமான தேநீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விரலை மேலே இழுத்தால் தே தாரிக், அதாவது நுரை பொங்க இழுத்து ஆற்றும் பால் தேநீர், ஆற்றலாம். உயரம் கூடக்கூட நுரை கூடும், அளவு மீறினால் மேசையெல்லாம் கொட்டும். ஒரு சுற்று இரண்டு நிமிடம். எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஆடலாம். ஆடிப் பார்த்த நண்பர்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. அதனால் ஸ்டோர் பக்கம் என்பது கடைசி வாரத்தில் முடித்துவிடும் சில்லறை வேலை என்ற தைரியத்தில் இருந்தேன்.

ஐகானுக்கும் முகப்புப் படத்துக்கும் ஓர் ஓவியரைப் பிடித்தேன். 900 வெள்ளி. அவர் வரைந்து அனுப்பிய சரபத் கடையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அடுக்கி வைத்த பால் டின்கள், தோளில் துண்டு போட்ட கடைக்காரர், சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகள், மூலையில் ஒரு பூனைகூட இருந்தது. அந்தப் படத்தையே சதுரமாக வெட்டி, மேலே விளையாட்டின் பெயரை எழுதி, ஐகான் என்று கொடுத்தார். கணினித் திரையில் அற்புதமாக இருந்தது. கைத்தொலைபேசியில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. பூனை, பால் டின், பெயர் எதுவுமே தெரியவில்லை. ப்ளே ஸ்டோர் 512க்கு 512 பிக்சலில் ஐகான் கேட்கிறது, ஆப்பிள் 1024க்கு 1024 கேட்கிறது. அந்த எண்களைப் பார்த்து அவ்வளவு இடம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பார்ப்பவர் கண்ணில் படுவது கட்டைவிரல் நகம் அளவுதான். இன்னொன்று, ஓவியர் அழகுக்காக நான்கு மூலையையும் வளைத்து ஒரு சட்டமும் போட்டிருந்தார். கூகல் தானாகவே மூலையை வளைத்து நிழல் போடும், ஆப்பிளும் வளைக்கும். இரண்டு வளைவும் பொருந்தாமல் மூலைக்கு மூலை வெள்ளைக் கீற்று துருத்திக்கொண்டு நின்றது. படத்தை முழுச் சதுரமாகக் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, கடை வேண்டாம், ஒரு கண்ணாடிக் குவளை போதும் என்று அடுத்த ஐகானை நானே போட்டேன். நுரை ததும்பும் தே தாரிக், சுத்தமான பின்னணி. அலுவலகத்தில் மணிலாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். பியர் ஊற்றும் விளையாட்டா என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கும் அது பியராகவே தெரியத் தொடங்கியது. அன்று சாயங்காலம் அக்கா மகள் வந்திருந்தாள். தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு, நாள் முழுக்கக் கைத்தொலைபேசியைக் கேட்டு நச்சரிக்கும் வயது. அவளிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "குடிக்கிறது தெரியுது மாமா. ஆனா நான் இதுல என்ன செய்யணும்?" என்றாள்.

ஓவியருக்குக் கொடுத்த 900 வெள்ளியில் எனக்குக் கிடைக்காதது இந்தக் கேள்வி. கடை, குவளை, கடைக்காரர் எல்லாம் பொருள்கள். விளையாட வருகிறவருக்கு வேண்டியது தன் விரல் செய்யப்போகும் வேலை. இழுப்பதும் ஆற்றுவதும்தான் என் விளையாட்டு. அது ஐகானில் இல்லவே இல்லை. மூன்றாவது ஐகானில் மேலே ஒரு குவளை, கீழே ஒரு குவளை, இரண்டுக்கும் நடுவே வில்லாக வளைந்து விழும் தேநீர், அவ்வளவுதான். பெயர் கிடையாது, ஐகானுக்குக் கீழேயே ஸ்டோர் பெயரை எழுதிவிடுகிறது. பின்னணிக்குப் பழைய காப்பிக்கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ஓடுகளின் கரும்பச்சையை எடுத்துக்கொண்டேன். பழுப்பு நிறத் தேநீர் அதன்மேல் பளிச்சென்று நின்றது. பச்சைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சமையல் விளையாட்டு என்று தேடிவந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் ஒரு ஐகான் மேல் என்னுடையதை ஒட்டிப் பார்த்தேன். அக்கம்பக்கமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும், வாயைப் பிளந்த முகங்களும். நடுவில் பச்சை தனியாகத் தெரிந்தது. இந்த ஒட்டிப் பார்க்கும் வேலைக்குக் காசே ஆகாது, கட்டாயம் செய்யுங்கள். வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் பாருங்கள். ஓவியரிடம் கொடுப்பதாக இருந்தால் பென்சில் நிலையிலேயே 48 பிக்சலுக்குச் சுருக்கி அனுப்பச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டி முடித்த பிறகு சொன்னால் யாருக்கும் மனசு வராது, அவருக்கும் சரி, நமக்கும் சரி.

அடுத்த அடி கோப்புகளில் விழுந்தது. ப்ளே ஸ்டோர் 1024க்கு 500 அளவில் ஃபீச்சர் கிராஃபிக் என்று ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும். அகலமான படம். கடைக்காரரை ஓரமாக நகர்த்தி, பால் டின்களைப் பின்னால் தள்ளினால் போதும் என்று நினைத்தேன். கையில் இருந்ததோ எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போன ஒரே ஜேபெக் படம். லேயர் பிரித்த, அதாவது ஒவ்வொரு பொருளும் தனித்தனி அடுக்காக இருக்கும், மூலக்கோப்பைக் கேட்டால், அது பேசிய விலையில் சேராது, இன்னும் 650 வெள்ளி என்றார் ஓவியர். கோபம் வந்தது. பிறகு விசாரித்ததில் சட்டமும் அவர் பக்கம்தான் என்று தெரிந்தது. சிங்கப்பூரில் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்னாலும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை ஓவியத்தின் உரிமை வரைந்தவருடையது. உரிமை கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையொப்பம் இட வேண்டும். எங்கள் ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் நான் போட்ட ஒரு கட்டைவிரல் குறி. 650 வெள்ளியைக் கொடுத்தேன். நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான்கு விஷயத்தை எழுதி வாங்கிவிடுங்கள்: லேயர் பிரித்த கோப்பு தருவார், உரிமை உங்களுக்கு மாறும், எத்தனை முறை திருத்தம் இலவசம், எந்தெந்த அளவில் படம் வேண்டும். சொந்தமாக ஒரு வரி எழுதி அவர் கையொப்பம் வாங்கினாலும் போதும், வக்கீல் மொழி தேவையில்லை.

ஃபீச்சர் கிராஃபிக் பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் விளம்பர வீடியோ இணைத்தால் அந்தப் படத்தின் மேல் நட்டநடுவில் ப்ளே பொத்தான் வந்து உட்காரும். கடைக்காரர் மூக்கின்மேல் முக்கோணம் வந்த பிறகுதான் நான் அவரை இடதுபக்கம் நகர்த்தினேன். எழுத்து எதையும் ஓரத்தில் வைக்காதீர்கள், சில இடங்களில் ஓரம் வெட்டுப்படும்.

தமிழ் எழுத்து விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குத் தமிழிலும் தலைப்பு வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த படத்தில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளிகள் வட்டத்தோடு தனியாகத் தொங்கின. அறிவிப்புப் பலகையில் தமிழ் உடைந்து வந்தால் படம் எடுத்துப் போட்டுச் சண்டை பிடிக்கிற ஊர் இது. என் விளையாட்டே அந்தப் படத்தில் வந்திருக்கும்! ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். ஓவியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் எழுத்தை அவர் கையில் கொடுக்கவே வேண்டாம். இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஏற்றப்போகும் படத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். ப்ளே ஸ்டோரில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் எட்டு. ஆப்பிளில் பத்து வரை. பத்தும் போட இடம் இருக்கிறது என்பதால் பத்தையும் பார்ப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஆப்பிளின் தேடல் பக்கத்தில் நிமிர்ந்த படமாக இருந்தால் முதல் மூன்றுதான் தெரியும். என்னுடைய முதல் படம் விளையாட்டின் தொடக்கத் திரை, இரண்டாவது நிலைகளின் பட்டியல், மூன்றாவது அமைப்புகள் பக்கம். விளையாட்டு திறக்கும் வரிசையிலேயே வைத்திருந்தேன், அது இயல்பாகத் தோன்றியது. ஆப்பிள் திருப்பி அனுப்பியது. செயலி பயன்பாட்டில் இருப்பதைத்தான் ஸ்கிரீன்ஷாட் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படமோ உள்நுழையும் திரையோ போதாது என்பது அவர்களுடைய விதி. மாற்றி அனுப்பினேன், மறுபடியும் திரும்பியது. இந்த முறை காரணம் படத்தின் உச்சியில் இருந்த சின்னப் பட்டை. எல்லாவற்றையும் என் ஆண்ட்ராய்டு தொலைபேசியில் எடுத்திருந்தேன், அதன் பேட்டரிக் குறியும் நேரம் காட்டும் எண்ணும் அப்படியே இருந்தன. ஆப்பிள் பக்கத்தில் வேறு தளத்தின் வாடையே வரக்கூடாது. கூகல் ப்ளே சின்னம் இருந்தாலும் இதே கதிதான். இலவசம், பாதி விலை போன்ற விலைப் பேச்சையும் படத்தில் எழுதாதீர்கள்.

இப்போது என் முதல் படத்தில் தே உச்சிக்கு இழுபடுகிறது, விரல் எங்கே இருக்கிறது என்பது ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிகிறது, மேலே "இழு, கொட்டாதே!" என்று இரண்டே சொல். இரண்டாவது படத்தில் வரிசையில் ஐந்து பேர், அவர்கள் தலைக்கு மேல் ஆர்டர்கள், ஒருவர் முகம் கடுகடுவென்று. மூன்றாவதில் மேசையெல்லாம் கொட்டிய தே. தோற்றால் என்ன ஆகும் என்பதைக் காட்டலாமா என்று யோசித்தேன். ஆனால் பார்த்தவர்கள் சிரித்தது அந்தப் படத்துக்குத்தான். கூகல் பக்கம் ஒரு விஷயம் கவனியுங்கள். விளையாட்டுகளைப் பெரிய படத்தோடு பரிந்துரைக்கும் இடங்களில் உங்களுடையது வர வேண்டுமானால் 1080க்கு 1920 அளவில் நிமிர்ந்தோ 1920க்கு 1080 அளவில் படுத்தோ குறைந்தது மூன்று ஆட்டப் படங்கள் இருக்க வேண்டும்.

மிச்சப் பணம், 1,250 வெள்ளி, விவரணை எழுதித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் போனது. தேடலில் முதலிடம் வரவைப்போம் என்றார்கள். அவர்கள் எழுதிய பெயரில் பெஸ்ட் இருந்தது, ஃப்ரீ இருந்தது, நம்பர் 1 இருந்தது, கூடவே ஒரு தீச்சுடர் இமோஜி. விவரணையின் கடைசியில் சமையல் விளையாட்டு, காப்பி விளையாட்டு, குழந்தை விளையாட்டு என்று தேடுசொற்களை அடைத்த ஒரு பத்தி. நடுவில் "இதுபோல் ஆடியதே இல்லை" என்று பெயரில்லாத யாரோ பாராட்டியதாக நான்கு வரி. விளையாட்டு அப்போது வெளியாகவே இல்லை, யார் பாராட்டினார்கள் என்று கேட்டேன், எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது. கூகல் நிராகரித்தது. பெயரிலும் ஐகானிலும் இப்படிப்பட்ட சொற்களுக்கும் இமோஜிக்கும் 2021 செப்டம்பர் இறுதியிலிருந்தே தடை. சொல் அடைப்பதும் பெயரில்லாப் பாராட்டும் விவரணையில் கூடாது என்பதும் கொள்கைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. காசு திரும்ப வரவில்லை. அந்த வாரம் எனக்கு இருந்த மனநிலையை எழுத்தில் வைக்க முடியாது. தீபாவளி ஒளியூட்டு பார்க்க வீட்டார் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குக் கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கிடந்தேன்.

அப்புறம் நானே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு ஸ்டோரும் ஒரே மாதிரி என்று நினைத்து ஒரே எழுத்தை இரண்டிலும் ஒட்டுவதுதான் முதல் கோளாறு, அந்த நிறுவனமும் அதைத்தான் செய்திருந்தது. கூகலில் பெயருக்கு 30 எழுத்து, சிறு விவரணைக்கு 80, முழு விவரணைக்கு 4,000. முழு விவரணையில் உள்ள சொற்களையும் கூகல் தேடலுக்கு எடுத்துக்கொள்கிறது, ஆகவே இயல்பான வாக்கியத்துக்குள் தே, காப்பி, கடை என்ற சொற்கள் வந்துபோனால் போதும். ஆப்பிளில் பெயருக்கு 30, துணைத்தலைப்புக்கு 30. தேடுசொற்களுக்கென்று யாரும் பார்க்காத 100 எழுத்துப் பெட்டி தனியாக உண்டு. நீண்ட விவரணையை ஆப்பிள் தேடலுக்கு எடுப்பதில்லை, அது மனிதர்கள் படிப்பதற்கு மட்டும். அந்த 100 எழுத்தில் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாதீர்கள், பெயரில் ஏற்கெனவே வந்த சொல்லைத் திரும்பப் போடாதீர்கள், இரண்டும் வீண்.

ப்ளே ஸ்டோரில் தமிழுக்கென்று தனிப் பக்கம் வைக்கலாம். அதை எழுதும்போது 80 எழுத்து கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதுதான் காரணம். காப்பிக்கடை என்பது நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. கடைசியில் நான் போட்ட சிறு விவரணை: "தே இழுங்கள், ஆர்டரை நினைவில் வையுங்கள், வரிசை நீளுமுன் பரிமாறுங்கள்!" ஆங்கிலப் பக்கத்திலும் இதே வரிசைதான். மூன்று வினைச்சொல், மூன்றும் விளையாடுபவர் செய்வது. முழு விவரணையின் முதல் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு மற்றதெல்லாம் மடிந்துபோய்விடும், தட்டினால்தான் திறக்கும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் குழந்தைப்பருவ நினைவிலிருந்து உருவான விளையாட்டு என்று முதலில் தொடங்கியிருந்தேன். அதைக் கடைசிப் பத்திக்கு அனுப்பிவிட்டேன். இணையம் இல்லாமலும் ஆடலாம் என்பதை மேலே கொண்டுவந்தேன். பிள்ளைகளுக்குச் சிம் இல்லாத பழைய டேப்லட்டைக் கொடுக்கும் பெற்றோர் தேடுவது அதைத்தான்.

எந்தப் படம் நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க ப்ளே கன்சோலில், அதாவது செயலியை ஏற்றி நிர்வகிக்கும் கூகல் தளத்தில், ஒப்பீட்டுச் சோதனை இருக்கிறது. இப்போதுள்ள பக்கத்தோடு மூன்று மாற்றுகள் வரை ஓடவிடலாம். ஆப்பிளிலும் மூன்று மாற்றுகள் வரை, 90 நாள் வரை ஓடும். எல்லாம் சரி, ஆனால் என் பக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர். இன்னும் தரவு வேண்டும் என்றே அது நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன விளையாட்டு வைத்திருப்பவர்கள் அதை நம்பி உட்கார வேண்டாம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காக இருந்தால், வெளியிட அனுமதி கேட்கும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று கூகல் எப்படியும் கட்டாயப்படுத்துகிறது. அந்தப் பன்னிரண்டு பேரையே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் பக்கத்தை இரண்டு விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன செய்யும் விளையாட்டு இது என்று கேளுங்கள். நல்லா இருக்கா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் முகம் வாடக்கூடாதென்று சூப்பர் என்றுதான் சொல்வார்கள், அந்த சூப்பரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஐகானை மாற்றிய வாரத்தில் வேறு எதையும் தொடவில்லை. பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தரவிறக்குகிறவர்கள் கூடியது வரைபடத்தில் கண்ணுக்கே தெரிந்தது. சேர்த்து ஸ்கிரீன்ஷாட்டையும் மாற்றியிருந்தால் எதனால் கூடியது என்று கடைசி வரை தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் இடித்தது. கூகலில் ஸ்டோர் ஐகான் வேறு, தொலைபேசியில் உட்காரும் ஐகான் வேறு. ஸ்டோரில் மாற்றிவிட்டுச் செயலிக்குள் மாற்ற மறந்தால், பச்சை ஐகானைப் பார்த்துத் தரவிறக்கியவர் தன் திரையில் பழுப்புக் கறையைத் தேட வேண்டியிருக்கும். ஆப்பிளில் இந்தக் குழப்பம் இல்லை, ஐகான் செயலியோடு சேர்ந்தே போகும். அதனால் ஐகானை மாற்ற ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு அனுப்பி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

வரும் தீபாவளிக்கு ஐகானில் அகல்விளக்கு வைக்கச் சொல்லி அக்கா மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வைத்தால் தேநீர் வளைவை அது மறைக்கும், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூகல் பக்கத்தில் இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் கடைக்கு மேல் ஒளியூட்டுத் தோரணம் வரும், லேயர் கோப்பு கையில் இருப்பதால் அதை நானே போட்டுக்கொள்வேன். ஆப்பிளில் விவரணைக்கு மேலே 170 எழுத்தில் ஒரு விளம்பர வரி வைக்கலாம், அதை மட்டும் புதிய பதிப்பு அனுப்பாமலே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தீபாவளிச் சுற்றில் முறுக்கும் சேர்ந்து பரிமாற வேண்டும் என்ற செய்தி அங்கே போகிறது.